பேத்தி அறையின் ஜன்னல் பக்கச் சுவர்

என் அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அவளுடைய வலது முழங்காலும் என்னுடைய பிரஷரும் அதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்கின்றன. கடல் தாண்டி அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நன்றாக இல்லாவிட்டாலும் ‘நல்லா இருக்கோம்ப்பா’ என்றுதான் சொல்லப் போகிறாய், ஆகையால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் ஏன் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. மீட்டிங் இல்லாத நாளில் ‘சரிப்பா, சரிப்பா’ என்கிறாய், அந்தச் ‘சரிப்பா’வுக்கு என்ன அர்த்தம் என்று நீ பத்தாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். முப்பத்தெட்டு வருஷம் சுவரில் பெயிண்ட் அடித்த கை, பேனாவைப் பிடித்தால் அதையும் பிரஷ் என்று நினைத்துக்கொள்கிறது.

நம் கட்டடத்தில் லிஃப்ட் நின்று பதினோரு நாள் ஆகிறது. சங்கத்துச் செயலாளர் ‘விரைவில் சரிசெய்யப்படும்’ என்று ஒரு தாளை ஒட்டியதோடு தன் கடமை தீர்ந்தது என்று இருக்கிறார், தாளை ஒட்டிய கோந்துக்காவது கொஞ்சம் உறுதி இருக்கிறது, அவர் பேச்சுக்கு அதுவும் இல்லை. உன் அம்மா மூன்று மாடி ஏறி இறங்கி முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயை மட்டும் உட்கார வைக்க முடியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ வாங்கப் போவதும் நாலு பேர் சேர்ந்து இருக்கிற கட்டடத்தில் ஒரு வீடுதான். உள்ளே எவ்வளவு பளபளப்பு என்று பார்க்கிறீர்கள், அந்தக் கட்டடத்துச் சங்கம் எப்படி, கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, போன இரண்டு வருஷத்தில் எதற்கெல்லாம் சண்டை போட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர்கள் கூட்டம் போட்டு எழுதிவைத்த குறிப்பேட்டை வாங்கிப் படி. எந்த ஊரானாலும் மனுஷன் மனுஷன்தான், சண்டையில் உண்மை வெளியே வந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய வீடியோவை ஒன்பது தடவை பார்த்தேன். உன் அம்மா முதல் தடவையே ‘ஐயோ எவ்வளவு அழகா இருக்கு’ என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அழகுக்கு என்ன குறைச்சல், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் இருக்கிறவரைக்கும் அழகுக்குப் பஞ்சமே வராது. அந்தப் புரோக்கர் அம்மாள் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் முன்னால் போகிறாள், ஒவ்வொரு கதவையும் பூ மாதிரி திறக்கிறாள், அடுக்களை சின்னது என்றால் ‘அடக்கமா இருக்கு’ என்கிறாளாம், இருட்டு அறையை ‘குளுகுளுன்னு இருக்கும்’ என்கிறாளாம். நீயே சிரித்துக்கொண்டே சொன்னாய். சிரி, சிரி. அவள் சம்பளம் விற்கிறவன் பையிலிருந்து வருகிறது, உன் பையிலிருந்து இல்லை, அதை மட்டும் மறந்துவிட்டுச் சிரிக்காதே.

அதற்கு மேல் மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதும்தான் எனக்குத் தலை சுற்றியது. வீட்டைப் பரிசோதிக்க ஆள் வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் உங்களுக்குக் கிடைக்குமாம், இல்லாவிட்டால் வரிசையில் இன்னும் ஐந்து பேர் நிற்கிறார்களாம், வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். ‘இங்க இப்பல்லாம் அப்படித்தான் மாமா’ என்கிறார். மாப்பிள்ளை படித்தவர், கம்ப்யூட்டரில் எங்கேயோ ஒரு புள்ளி தப்பாக இருந்தால் ராத்திரி பகலாக உட்கார்ந்து கண்டுபிடிப்பவர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைக்காரனை அழவைத்து வாங்குகிறவள் பெற்ற மகள் நீ. இருபத்தைந்து வருஷக் கடனுக்குக் கழுத்தை நீட்டப்போகிற ஒரு வீட்டைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவேன் என்று எழுதிக் கொடுக்கிறாயா? ஐந்து பேர் நிற்கிறார்கள் என்றால் நிற்கட்டும். ஐந்து பேர் சேர்ந்து கிணற்றில் குதித்தால் ஆறாவதாக இடம் பிடிக்க ஓடுவாயா?

உன் சின்ன மாமாவைப் பார்த்தாவது புத்தி வரவேண்டாமா? அவன் வேறொரு நாட்டில், ஏரியைப் பார்த்த வீடு என்று படத்தைப் பார்த்தே வாங்கினான். படத்தில் ஏரி, ஏரியில் வாத்து, வாத்துக்குப் பின்னால் சூரியன், எல்லாம் இருந்தது. சாவி கைக்கு வந்தபோது வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒன்பது மாடிக் கட்டடம் நின்றது, அதையும் அதே கம்பெனிதான் கட்டியது. இப்போது ஏரியைப் பார்க்க வேண்டுமானால் குளியலறையில் ஸ்டூலைப் போட்டு ஏறி வெண்டிலேட்டர் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். போன தடவை பேசும்போதுகூட ‘லேக் வியூ அத்தான், லேக் வியூ’ என்கிறான் வெட்கம் இல்லாமல். அவன்தான் உங்களுக்கு வீடு வாங்க யோசனை சொல்கிறானாம், குருடனுக்குக் குருடன் வழிகாட்டுகிற கதைதான்.

சரி, அவர்களை விடு. வீடியோவில் நாலாவது நிமிஷத்தில் ஒரு அறை வருகிறது, ‘இதுதான்ப்பா பாப்பா ரூம்’ என்று நீ சொல்கிறாய், பேத்தி உள்ளே ஓடிப் போய்க் குதிக்கிறாள். எல்லோரும் குழந்தையைப் பார்த்தீர்கள். நான் சுவரைப் பார்த்தேன், அது என் பிழைப்பு. ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குப் பெயிண்ட் புதுசு. கலர் ஒன்றுதான், மினுமினுப்பு வேறு. வெயில் பக்கவாட்டில் விழுகிறபோது பழைய பெயிண்ட் மங்கிப்போய்த் தெரியும், புதுசு எண்ணெய் தேய்த்த மாதிரி தெரியும், போனை நிறுத்திவைத்துப் பார், உனக்கே தெரியும். தரையோரமாக ஓடுகிற மரச்சட்டம் அந்தப் பக்கம் மட்டும் புதுசு, மற்ற மூன்று பக்கமும் பழசு. கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மெஷின் நிற்கிறதே, அதைக் காற்றைச் சுத்தம் செய்வது என்று சொன்னாய். சுத்தமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அதன் அடியில் தண்ணீர் பிடிக்கிற தொட்டி இருக்கிறது. அறையின் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் அது. வாசனை மெழுகுவர்த்தி வேறு எரிகிறது, நான் எண்ணியவரைக்கும் வீட்டில் ஐந்து இடத்தில். இத்தனை வாசனை எதை மறைக்க என்று உனக்குத் தோன்றவே இல்லையா? சுவரில் ஓதம் இருக்கிறது, மகளே. எங்கேயோ இருந்து தண்ணீர் ஊறி உள்ளுக்குள்ளேயே ஏறுகிறது. அங்கேயெல்லாம் சுவர் பலகையாம், அட்டையாம், நம் மாதிரி செங்கல் இல்லையாம், மாப்பிள்ளை விளக்கினார். இருக்கட்டும். பலகைக்குப் பின்னால் போனால் தண்ணீர் பன்னீராகிவிடுமா? அங்கே பூஞ்சை பிடிக்கும், குழந்தை தினமும் எட்டு மணி நேரம் அதை மூச்சில் இழுக்கும், நீ டாக்டர் டாக்டராக அலைவாய்.

ஒன்பது தடவை வீடியோவைப் பார்த்துவிட்டு எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று மாப்பிள்ளை கேட்பார். கேட்கட்டும், பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு மாவுமில் முதலாளி தன் வீட்டை விற்றார். பின் அறையில் இதே மாதிரி ஓதம், விரலை வைத்தால் பூச்சு மாவாகக் கொட்டும். குழாயைச் சரிபண்ணி, பூச்சைக் கொத்தி எடுத்து, இரண்டு மாசம் காயவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றேன். ‘ரெண்டு மாசமா? ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றாங்கய்யா’ என்றார். நான் வாயை மூடிக்கொண்டு மேலாகச் சுரண்டி, பட்டி பார்த்து மேடுபள்ளத்தை நிரவி, ஈரம் வெளியே தெரியாமல் இருக்க ஒரு கோட்டும், அதன்மேல் சந்தனக் கலரில் இரண்டு கோட்டும் கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி நின்றது சுவர். டைப் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சரம்மா அந்த வீட்டை வாங்கினார். நாலு மாசத்தில் சுவர் கொப்புளித்துவிட்டது. அந்தம்மா ஊரில் நல்ல பெயிண்டர் யார் என்று விசாரித்து, யாரைக் கூப்பிட்டார் தெரியுமா, என்னை. நானும் போனேன். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சுவரைத் தடவிப் பார்த்து ‘அட, கொஞ்சம் ஈரம் இருக்கும் போல’ என்றேன். மறுபடியும் அடித்தேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும். ஒவ்வொரு தடவையும் காபி கொடுத்து, ‘உங்க கைராசி வேற யாருக்கும் வராது’ என்பார் அந்தம்மா. அந்தப் பின் அறையில் படுக்கிற அவர் மகன் இருமிக்கொண்டே படிப்பான். நான் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவேன், பெரிய யோக்கியன் மாதிரி.

நீ காலேஜ் இரண்டாவது வருஷம் போகும்போது அந்தம்மா மூன்றாவது தடவை கூப்பிட்டார். போனால் சாமான்களை மூட்டை கட்டிவைத்திருந்தது. ‘வீட்ட விக்கிறோம், நாளைக்குப் பார்க்க வர்றாங்க, முதல் தடவை அடிச்ச மாதிரியே அடிச்சுடுங்க’ என்றார். எந்த முதல் தடவை என்று மடையன் மாதிரி கேட்டேன். ‘எங்களுக்கு வித்தவருக்கு அடிச்சீங்களே, அது. எங்க வீட்டுக்கு முதன்முதலா வந்தப்போ கலர் என்னன்னு கேக்கவே இல்லையே நீங்க. சாம்பிள்கூடப் பார்க்காம அதே சந்தனத்தக் கலந்து வாளியில கொண்டு வந்தீங்க. அன்னைக்கே தெரியும்’ என்றார். திட்டவில்லை, அழவில்லை, துணி மடிக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிரஷை அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தால் உன் அப்பா ஒரு மனுஷன். நான் அடித்தேன். அன்றைக்கு முன்னைவிட நன்றாகவே அடித்தேன். மறுநாள் காலையில் ஏணியை எடுக்கப் போன நேரத்தில் வீடு பார்க்க வந்துவிட்டார்கள், கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண்ணும் அவள் புருஷனும். டீச்சரம்மா அடுக்களையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மட்டும் தனியாக என்னிடம் வந்து, ‘அண்ணே, நீங்க வேலை செஞ்சவரு, உங்களுக்குத் தெரியும், வீடு நல்லா இருக்காண்ணே’ என்று கேட்டாள். அத்தனை பேரில் கேட்க வேண்டிய ஆளைச் சரியாகப் பிடித்துக் கேட்டாள், கெட்டிக்காரி. நான் நல்ல வீடும்மா என்றேன்.

இது உன் அம்மாவுக்கே முந்தாநாள் வரைக்கும் தெரியாது. இந்தப் பக்கங்களை அவள்தான் படம் பிடிக்க வேண்டும் என்பதால் முதலில் அவளிடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உனக்குத் தெரியும். சாயங்காலம் விளக்குப் போட எழுந்தவள், ‘அதச் சரியா செஞ்சிருந்தா எத்தன நாள் ஆகியிருக்கும்’ என்று கேட்டாள். இரண்டு மாசம் என்றேன். ‘ரெண்டு மாசம்தானா’ என்றாள். அதற்கப்புறம் என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

போன வாரம் போனில் நான் வேண்டாம் என்று இழுத்ததும் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ‘வாடகை வீட்டுல இருந்தா யாரு மதிப்பான்னு மூணு வருஷமா நச்சரிச்சது நீங்க. கையெழுத்தே ஆகல, அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. இப்ப வாங்கலன்னா உங்களுக்குத்தானேப்பா அசிங்கம்’ என்றாய். நியாயம்தான். குழந்தை பிறக்கும் முன்னே பேர் வைத்தவன் நான். முடி வெட்டுகிற கடையில் நாலு பேர் முன்னால் ‘என் பொண்ணு அங்க சொந்தமா வீடு வாங்கியாச்சு’ என்று அளந்தேன், மூன்று அறை என்பதை நாலாகவும் ஆக்கினேன், தோட்டம் வேறு சேர்த்துக்கொண்டேன். அப்பன் அளந்த வாய்க்கு மகள் வீடு வாங்குகிறாள் என்று நினைத்தபோது என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

ஆகவே இப்போது சொல்வதைக் கேள். மழை பெய்கிற நாளாகப் பார்த்து, புரோக்கர் இல்லாமல், அந்தத் தெருவுக்குப் போ, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று நின்று பார். கீழ் வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடு, வாங்குகிறவளுக்குப் பொய் சொல்லி அவருக்கு ஒரு லாபமும் இல்லை. வீடு எத்தனை வருஷத்தில் எத்தனை கை மாறியது என்று கேள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் கை மாறுகிற வீட்டில் யாரோ ஒருவன் யாருக்கோ தள்ளிவிடுகிறான் என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? உள்ளே போனால் குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து விடு, அலமாரியை நகர்த்தச் சொல், நகர்த்த மாட்டேன் என்றால் அதுவே பதில். வக்கீலை நீயே தேடிப் பிடி, புரோக்கர் அம்மாள் ‘எங்களுக்குத் தெரிஞ்சவரு’ என்று காட்டுகிற வக்கீல் அவர்களுக்குத் தெரிஞ்சவர், உனக்கு இல்லை. பாங்கிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்களே என்கிறார் மாப்பிள்ளை. பாங்கு பார்த்தது தன் பணம் திரும்புமா என்று, உன் பிள்ளை இருமுமா என்று இல்லை. இன்னொன்று, உங்கள் விசா இன்னும் இரண்டு வருஷத்துக்குத்தானே, புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் இந்த வீட்டை வைத்துக்கொள்ளலாமா, விற்க வேண்டுமா, வாடகைக்கு விட உரிமை உண்டா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. அந்த ஊரில் பிறந்தவன் ஏமாந்தால் அப்பன் வீட்டுக்குப் போவான், நீ எங்கே போவாய்? கடைசியாக, சம்பளம் வாங்கிக்கொண்டு உனக்காகவே பார்க்கிற ஒரு பரிசோதனைக்காரனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஜன்னல் பக்கச் சுவரைப் பார்க்கச் சொல். ஈரம் அளக்கிற கருவி அவனிடம் இருக்குமாம், இரண்டு நிமிஷ வேலை. விற்கிறவன் சம்மதிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே. வீடு போனால் போகட்டும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனிடமிருந்து தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்.

என் அசிங்கத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இன்று காலை எனக்கு முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் அந்தக் கடைக்குப் போனேன். என் பொண்ணு வீடு வாங்கவில்லை, அந்த வீடு வேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேன், சுவரில் ஓதம் என்றேன். அன்றைக்கு இருந்த நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ‘இங்க உக்காந்துக்கிட்டே அங்க ஓதம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ஜோசியமா’ என்று கேட்டார். ஜோசியம் இல்லை, அந்த மாதிரி சுவரை மறைத்து நானே நாலு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறேன் என்றேன். யார் வீடு என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். கடைக்காரர் கத்திரியை நிறுத்திவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்தவர் போன மாசம் என்னை நம்பித் தன் வீட்டை அடிக்கக் கொடுத்தவர், எழுந்து வெளியே போனார். நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், இனி என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடவும் கூடாது. இனிமேல் எனக்குப் பட வேண்டிய அசிங்கம் என்று ஒன்றும் பாக்கி இல்லை மகளே, எல்லாவற்றையும் நானே போய்ப் பட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி உனக்காக மட்டும் வீடு பார், எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

உன் அம்மா காலையிலிருந்து என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள், இப்போதைக்குத் திட்டுவதற்கு மட்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல், கடிதத்தில் ஏதாவது தடித்து விழுந்திருந்தால் கிழவன் சுபாவம் என்று விட்டுவிடச் சொல். பேத்திக்கு நூறு முத்தம். மூன்று பேரும் மனசு நிறைந்து, மூச்சு முட்டாமல், நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். வியாழக்கிழமைக்குள் பரிசோதனைக்காரனுக்குப் போன் பண்ணு, பண்ணிவிட்டு எனக்கு ஒரு வரி போடு, ‘சரிப்பா’ என்று மட்டும் போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா